லால் பகதூர் சாஸ்திரியின் வாழ்வில் உள்ளுணர்வு

லால் பகதூர் சாஸ்திரி (அக்டோபர் 2, 1904 – சனவரி 11, 1966) இந்தியாவின் இரண்டாவது பிரதமர் ஆவார். விடுதலைப் போராட்ட வீரரான இவர் 1952 முதல் 1956 வரை நடுவண் அரசில் தொடர்வண்டித் துறை அமைச்சராகவும், பின்னர் உள்துறை உள்ளிட்ட பிற துறைகளின் அமைச்சராகவும் பணியாற்றினார். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றில் நிகழ்ந்த தொடர்வண்டி விபத்தைத் தொடர்ந்து அவர் பதவி விலகியது, பொதுவாழ்வில் பொறுப்புணர்வுக்கு எடுத்துக்காட்டாக இன்றும் கூறப்படுகிறது.

சாஸ்திரி எடுத்த முக்கிய முடிவுகள் பல, நீண்ட கணக்கீட்டின் விளைவாக அல்லாமல் உள்ளுணர்வின் விளைவாகத் தோன்றுபவை. அவற்றுட் சில பெரும் வெற்றி கண்டன. ஒன்று பெரும் துயரத்தில் முடிந்தது. அவ்விரு வகை முடிவுகளுடனும் அரியலூர் வட்டாரம் தொடர்புடையது. ஒருவருடைய உள்ளுணர்வை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்னும் கேள்விக்கு இவரது வாழ்வு ஒரு தெளிவான சான்றாக அமைகிறது.

உள்ளுணர்வு என்பது

படிப்படியான காரண ஆய்வு இன்றி, ஒரு செய்தியை அல்லது ஒரு முடிவை நேரடியாக உணர்ந்துகொள்ளும் ஆற்றல் உள்ளுணர்வு எனப்படுகிறது. இது அறிவைப் பெறும் வழிகளுள் ஒன்றாகவும், ஆளுமையின் ஒரு கூறாகவும், முடிவெடுக்கும் முறைகளுள் ஒன்றாகவும் கருதப்படுகிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட தமது ஆளுமைக் கோட்பாட்டில், சிந்தனை, உணர்ச்சி, புலனறிவு ஆகியவற்றோடு உள்ளுணர்வையும் மனத்தின் நான்கு செயற்பாடுகளுள் ஒன்றாக வகைப்படுத்தினார்.

திருக்குறளின் பொருட்பாலில் இரண்டு அதிகாரங்கள் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கவை. தெரிந்து செயல்வகை என்னும் 47ஆம் அதிகாரம் ஆராய்ந்து செயல்படுவதைக் கூறுகிறது. அமைச்சியலில் இடம்பெறும் குறிப்பறிதல் என்னும் 71ஆம் அதிகாரம், ஒருவர் வாய்திறந்து சொல்லாததையும் அறியும் திறனைக் கூறுகிறது. முன்னது ஆய்வறிவு, பின்னது உள்ளுணர்வுக்கு நெருங்கியது. ஆட்சியில் இருப்பவருக்கு இரண்டும் தேவை என்பது இதனால் விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க அறிஞர் எர்பர்ட் சைமன், உள்ளுணர்வு என்பது மறைபொருள் அன்று, முன்பு பெற்ற பட்டறிவை அடையாளம் கண்டுகொள்வதே என்று விளக்கினார். சதுரங்க வல்லுநர் ஒருவர் பலகையைப் பார்த்தவுடன் நல்ல நகர்வைக் காண்பது, அவர் முன்பு கண்ட ஆயிரக்கணக்கான நிலைகள் அவர் நினைவில் பதிந்திருப்பதால்தான். இக்கருத்து சாஸ்திரியின் வாழ்வைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவும்.

பிறப்பும் இளமையும்

சாஸ்திரி இன்றைய உத்தரப் பிரதேச மாநிலத்தில் வாரணாசிக்கு அருகிலுள்ள முகல்சராய் என்னும் ஊரில், தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். முகல்சராய் பெரும் தொடர்வண்டிச் சந்திப்பாகும். பின்னாளில் தொடர்வண்டித் துறையின் அமைச்சராகவிருந்த ஒருவர், அத்தகைய ஊரில் பிறந்தது குறிப்பிடத்தக்கது. தந்தை சாரதா பிரசாத் முதலில் பள்ளி ஆசிரியராகவும் பின்னர் அலகாபாத்தில் வருவாய்த் துறை எழுத்தராகவும் இருந்தார். 1906இல் கொள்ளைநோயால் தந்தை இறந்தபோது குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. தாய் ராம்துலாரி தேவி தம் குழந்தைகளுடன் பிறந்தகம் திரும்பினார். உறவினர் ஆதரவில், எளிய சூழலில் சாஸ்திரி வளர்ந்தார்.

1921ஆம் ஆண்டு வாரணாசியில் பள்ளியிறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது காந்தியின் ஒத்துழையாமை அழைப்பு வந்தது. தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தன. தந்தையற்ற ஏழைக் குடும்பத்துக்கு அத்தேர்வே வேலைக்கான வழி. எனினும் அவர் பள்ளியை விட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 16. கணக்குப் பார்த்து எடுக்கப்பட்டிருந்தால் இம்முடிவு வேறாக இருந்திருக்கும்.

அதன்பின் தேசியக் கல்வி நிறுவனமாக அவ்வாண்டு தொடங்கப்பட்ட காசி வித்யாபீடத்தில் சேர்ந்தார். மெய்யியலாளர் பகவான் தாசு அந்நிறுவனத்தின் தலைவராக இருந்தார். மெய்யியலும் அறவியலும் பயின்று 1925இல் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். சாஸ்திரி என்பது அப்பட்டத்தின் பெயர். சாதியைக் குறிக்கும் பின்னொட்டை அவர் முன்பே கைவிட்டிருந்ததால், பட்டப்பெயரே அவர் பெயரின் பகுதியாக நிலைத்துவிட்டது.

விடுதலைப் போராட்டம்

லாலா லஜபதி ராய் தொடங்கிய மக்கள் பணியாளர் சங்கத்தில் வாழ்நாள் உறுப்பினராகச் சேர்ந்த சாஸ்திரி, ஒடுக்கப்பட்ட மக்களின் முன்னேற்றத்துக்காகப் பணியாற்றினார். 1928இல் மிர்சாபூரைச் சேர்ந்த லலிதா தேவியை மணந்தார். மணக்கொடையாக ஓர் இராட்டையும் சிறிது கதர்த் துணியும் மட்டுமே பெற்றுக்கொண்டார். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கி 1940களின் நடுப்பகுதி வரை, பல முறையாக ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் சிறையில் கழித்தார். சிறையில் மேலை நாட்டு மெய்யியலாளர்கள், சமூகச் சீர்திருத்தவாதிகள் ஆகியோரின் நூல்களைப் படித்தார்.

சிறையிலிருந்த காலத்தில் அவர் மகள் கடும் நோயுற்றாள். அதற்காக அவருக்கு 15 நாள் விடுப்பு அளிக்கப்பட்டது. ஆனால் மகள் இறந்துபோனாள். இறுதிச் சடங்குகளை முடித்த சாஸ்திரி, நாள்கள் எஞ்சியிருந்தும் சிறைக்குத் திரும்பினார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. விடுப்பு எதற்காக அளிக்கப்பட்டதோ அந்தக் காரணம் இல்லாமற்போனபின் வெளியே இருப்பது தகாது என்பது அவர் உணர்வு. விதி அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்நிகழ்வில் வெளிப்படும் மனப்பாங்கே கால் நூற்றாண்டுக்குள் அரியலூர் விபத்தின்போதும் வெளிப்பட்டது.

காந்தி தம் முடிவுகள் சிலவற்றுக்கு உள்ளிருந்து எழும் குரலைக் காரணமாகக் கூறியதுண்டு. 1933இல் மேற்கொண்ட 21 நாள் உண்ணாநோன்பு அவற்றுள் ஒன்று. அவ்வழியில் வந்த தலைமுறையைச் சேர்ந்தவர் சாஸ்திரி. ஆயினும் அவர் தம் முடிவுகளுக்கு அத்தகைய விளக்கம் எதையும் பெரிதாக முன்வைத்ததில்லை. முடிவை எடுத்துவிட்டு அமைதியாக இருப்பதே அவர் இயல்பு.

அமைச்சுப் பணி

விடுதலைக்குப் பின் உத்தரப் பிரதேசத்தில் கோவிந்த வல்லப பந்த் அமைச்சரவையில் காவல், போக்குவரத்துத் துறைகளின் அமைச்சரானார். பேருந்துகளில் பெண் நடத்துநர்களைப் பணியமர்த்தியதும், கூட்டத்தைக் கலைக்கத் தடியடிக்குப் பதிலாகத் தண்ணீரைப் பீய்ச்சச் செய்ததும் அக்கால நடவடிக்கைகள். தடியடியை அனுபவித்த கூட்டத்தில் ஒருவராக இருந்தவர், அதை ஏவும் இடத்தில் அமர்ந்தபோது எடுத்த முடிவு இது.

1952ஆம் ஆண்டு மே மாதத்தில் நடுவண் அரசின் தொடர்வண்டி, போக்குவரத்துத் துறை அமைச்சரானார். ஏழை மக்கள் பயணம் செய்த மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் மின்விசிறி முதலிய வசதிகளை ஏற்படுத்துவதில் அவர் காலத்தில் அக்கறை காட்டப்பட்டது. தமிழகத்தைச் சேர்ந்த ஓ. வி. அழகேசன் அவருக்குத் துணை அமைச்சராக இருந்தார்.

அரியலூர் தொடர்வண்டி விபத்து

1956 செப்டம்பரில் அன்றைய ஐதராபாத் மாநிலத்திலிருந்த மகபூப்நகர் அருகே பாலம் ஒன்று இடிந்து தொடர்வண்டி கவிழ்ந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சாஸ்திரி பதவி விலகல் கடிதம் கொடுத்தார். பிரதமர் நேரு அதை ஏற்கவில்லை. நேருவின் வற்புறுத்தலால் சாஸ்திரி பதவியில் தொடர்ந்தார்.

மூன்று மாதங்களுக்குள் அடுத்த விபத்து நேர்ந்தது. நவம்பர் 22 இரவு சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி விரைவு வண்டி புறப்பட்டது. அது விழுப்புரம் – திருச்சிராப்பள்ளி குறுக்குப் பாதை வழியாகச் சென்றது. அப்போது அது மீட்டர் பாதையாகும். பெரம்பலூர்ப் பகுதியிலிருந்து அரியலூர் வழியாக ஓடிக் கொள்ளிடத்தில் கலக்கும் மருதையாறு, ஆண்டின் பெரும்பகுதி மணல் மட்டுமே தெரியும் ஆறு. வடகிழக்குப் பருவமழையில் மட்டும் அது பெருகும். அந்த ஆண்டு பெய்த தொடர்மழையால் பெருக்கெடுத்த வெள்ளம், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையிலுள்ள தொடர்வண்டிப் பாலத்தை ஒட்டிய கரையை அரித்துவிட்டது. நவம்பர் 23 விடியலுக்கு முன் அவ்விடத்துக்கு வந்த வண்டியின் பொறியும் முன்பெட்டிகளும் ஆற்றில் கவிழ்ந்தன. உறக்கத்தில் இருந்த பயணிகளில் 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மேலும் பலர் காயமுற்றனர்.

அன்று அரியலூரும் பெரம்பலூரும் சென்னை மாநிலத்தின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தன. பெரம்பலூர் மாவட்டம் 1995இல் உருவாக்கப்பட்டது. அதிலிருந்து அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23இல் மறுபடியும் தனி மாவட்டமானது. விபத்து நடந்து சரியாக 51 ஆண்டுகள் கழிந்த நாள் அது.

பதவி விலகல்

விபத்துச் செய்தி அறிந்ததும் சாஸ்திரி மீண்டும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். விசாரணை முடியும் வரை அவர் காத்திருக்கவில்லை. இம்முறை நேரு அதை ஏற்றுக்கொண்டார். விபத்துக்குச் சாஸ்திரி நேரடிக் காரணம் அல்லர் என்றும், பொறுப்புணர்வுக்கு ஒரு முன்மாதிரியாக அமையும் என்பதாலேயே விலகலை ஏற்பதாகவும் நேரு நாடாளுமன்றத்தில் விளக்கினார். திசம்பர் 7 அன்று சாஸ்திரியின் பதவிக்காலம் முடிந்தது. ஜெகசீவன் ராம் அத்துறைக்குப் பொறுப்பேற்றார்.

இம்முடிவைக் காரண ஆய்வின் அடிப்படையில் மட்டும் நோக்கினால் எதிர்வாதங்கள் பல உண்டு. ஓர் ஆற்றுப்பாலத்தின் கரையைப் பேணுவது அமைச்சரின் நேரடிப் பணி அன்று. மழை அளவு எவர் கட்டுப்பாட்டிலும் இல்லை. அமைச்சர் விலகுவதால் எந்தப் பாலமும் வலுப்பெறுவதில்லை. துறையை நன்கறிந்த ஒருவர் போவதால் சீர்திருத்தம் தாமதப்படவும் கூடும். பொதுத்தேர்தலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் வரவிருந்தது. இவை அனைத்தும் சரியான வாதங்களே.

ஆயினும் இவ்வாதங்கள் ஒரு கேள்விக்கு விடை தருவதில்லை. இறந்தவர்களின் குடும்பத்தார் யாரைப் பார்த்துக் கேட்பது என்பதே அக்கேள்வி. பொறியாளர் மழையைக் காட்டுவார். அலுவலர் விதியைக் காட்டுவார். அமைச்சர் அலுவலரைக் காட்டுவார். இச்சங்கிலி எங்காவது ஓரிடத்தில் நிற்க வேண்டும். அது தம்மிடம் நிற்க வேண்டும் என்று சாஸ்திரி உணர்ந்தார். தொழில்நுட்பக் காரணம் வேறு, பொறுப்பு வேறு என்னும் வேறுபாட்டை விசாரணை அறிக்கை இல்லாமலேயே அவர் கண்டுகொண்டார். அறவியலில் இத்தகைய நேரடி உணர்தல் அறவுணர்வு என்றும் மனச்சான்று என்றும் வழங்கப்படுகிறது.

இந்த உணர்வு திடீரென்று தோன்றியதன்று. பள்ளியை விட்டு விலகிய நாள், விடுப்பு முடியுமுன் சிறைக்குத் திரும்பிய நாள், செப்டம்பரில் கொடுத்த முதல் கடிதம் என அவர் வாழ்வு முழுவதும் இதற்குப் பயிற்சியாகவே இருந்தது. 1999இல் மேற்கு வங்கத்தின் கைசால் விபத்துக்குப் பின் அன்றைய தொடர்வண்டித் துறை அமைச்சர் நிதிஷ் குமார் பதவி விலகியபோது அரியலூர் முன்மாதிரி மீண்டும் நினைவுகூரப்பட்டது.

காசுமீரில் ஒரு முடிவு

1957 தேர்தலில் அலகாபாத் தொகுதியில் வென்ற சாஸ்திரி மீண்டும் அமைச்சரானார். போக்குவரத்து, வணிகம், தொழில் ஆகிய துறைகளுக்குப் பின் 1961இல் உள்துறை அமைச்சரானார். 1963இல் காமராசர் திட்டத்தின்படி பதவி விலகினார். 1964 சனவரியில் நேரு உடல்நலம் குன்றியதால் துறையில்லா அமைச்சராக மீண்டும் அமைச்சரவைக்கு அழைக்கப்பட்டார்.

அப்போது சிறீநகரில் கடும் கொந்தளிப்பு நிலவியது. அசரத்பால் பள்ளிவாசலில் போற்றப்பட்ட நபிகள் நாயகத்தின் திருமுடி, 1963 திசம்பர் இறுதியில் காணாமற் போய், சனவரி 4இல் திரும்பக் கிடைத்திருந்தது. கிடைத்தது உண்மையானதுதானா என்னும் ஐயம் மக்களிடையே நீங்கவில்லை. சமயப் பெரியோர்கள் அதை நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்று மக்கள் கோரினர். அவர்கள் மறுத்துவிட்டால் நிலைமை கைமீறும் என்று அதிகாரிகள் சிலர் அஞ்சினர்.

சிறீநகர் சென்ற சாஸ்திரி பல தரப்பினரையும் சந்தித்தபின் மக்களின் கோரிக்கையை ஏற்றார். 1964 பிப்ரவரி 3 அன்று சமயப் பெரியோர்கள் அதைப் பார்த்து உண்மையானதே என்று உறுதிசெய்தனர். கொந்தளிப்பு தணிந்தது. அதிகாரிகள் இடரைக் கணக்கிட்டனர். சாஸ்திரி மக்களின் மனநிலையை உணர்ந்தார். ஆனால் தில்லியில் இருந்துகொண்டு அதை அவர் உணரவில்லை; நேரில் சென்று, பேசுவோரின் முகத்தைப் பார்த்தபின்பே உணர்ந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

மொழிச் சிக்கலும் கீழப்பழுவூரும்

சாஸ்திரியின் உள்ளுணர்வு தவறிய இடம் தமிழகத்தின் மொழிச் சிக்கலாகும். அரசியலமைப்பின்படி 1965 சனவரி 26 முதல் இந்தி முதன்மை ஆட்சிமொழியாக வேண்டியிருந்தது. அதற்குப் பின்னும் ஆங்கிலம் தொடர வழிசெய்யும் ஆட்சிமொழிச் சட்ட முன்வரைவை, 1963இல் உள்துறை அமைச்சராக நாடாளுமன்றத்தில் நடத்திச் சென்றவர் சாஸ்திரியே. ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்று மட்டுமே அதில் இருந்தது. பயன்படுத்தப்பட வேண்டும் என்று இல்லை. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அண்ணாதுரை இவ்வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். அச்சொல் மாற்றப்படவில்லை. இந்தி பேசாத மக்கள் மீது இந்தி திணிக்கப்படாது என்று நேரு முன்பே வாக்களித்திருந்தார். அவ்வாக்குறுதியே போதும் என்று அரசு தரப்பு கருதியது.

1964 சனவரி 25 அன்று திருச்சிராப்பள்ளி தொடர்வண்டி நிலையத்தின் எதிரே, கீழப்பழுவூர் சின்னசாமி என்பவர் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்து இறந்தார். கீழப்பழுவூர் அரியலூர் வட்டாரத்தைச் சேர்ந்த ஊராகும். மருதையாற்றுப் பாலத்திலிருந்து அது தொலைவில் இல்லை. சாஸ்திரி அமைச்சரவைக்குத் திரும்பிய அதே மாதத்தில் இது நிகழ்ந்தது. இத்தனை ஆழமான அச்சம் தமிழகத்தில் நிலவியதைத் தில்லி அப்போது உணரவில்லை.

1964 மே 27இல் நேரு மறைந்தார். காங்கிரசுத் தலைவராக இருந்த காமராசர் பலரையும் கலந்து பேசி ஒருமித்த கருத்தை உருவாக்கியதன் பயனாகச் சாஸ்திரி சூன் 9 அன்று பிரதமராகப் பதவியேற்றார். அடுத்த சனவரியில் மாணவர் போராட்டம் மதுரையில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவியது. தீக்குளிப்புகளும் துப்பாக்கிச் சூடுகளும் நிகழ்ந்தன. அரசுக் கணக்கின்படியே ஏறத்தாழ 70 பேர் இறந்தனர்.

1965 பிப்ரவரி 11 அன்று நடுவண் அமைச்சர்களான சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தொடர்வண்டித் துறையில் சாஸ்திரிக்குத் துணை அமைச்சராக இருந்த அதே அழகேசன்தான் இவர். பதவி விலகல்களை ஏற்குமாறு சாஸ்திரி பரிந்துரைத்தார். குடியரசுத் தலைவர் இராதாகிருட்டிணன் அதற்கு இணங்கவில்லை. அன்றிரவு சாஸ்திரி வானொலியில் உரையாற்றி, நேருவின் வாக்குறுதி காக்கப்படும் என்று உறுதியளித்தார். அதன்பின் போராட்டம் படிப்படியாகத் தணிந்தது. அவ்வாக்குறுதிக்குச் சட்ட வடிவம் கிடைத்தது அவர் மறைந்தபின், 1967ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தின் மூலமே ஆகும்.

இத்தவறு தீய நோக்கத்தால் நேர்ந்தது அன்று. சாஸ்திரிக்குத் தம் நேர்மை தெரியும். திணிக்கும் எண்ணம் தமக்கு இல்லை என்பதும் தெரியும். எனவே சொல் எதுவாக இருந்தாலும் என்ன என்று தோன்றியிருக்கக் கூடும். ஆனால் ஒருவருடைய உள்ளத்தில் இருக்கும் உறுதி மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. அவர்களுக்குத் தெரிவது எழுத்தில் உள்ள சொல் மட்டுமே. மேலும், இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவருக்கு, வேற்றுமொழியில் தேர்வெழுதி வேலை தேட வேண்டிய மாணவரின் அச்சம் தானாகத் தோன்றாது. மூன்றாம் வகுப்புப் பயணியின் வாழ்வை அவர் வாழ்ந்திருந்தார். தமிழ் மாணவரின் வாழ்வை அவர் வாழ்ந்திருக்கவில்லை.

வேளாண்மை

உணவுப் பற்றாக்குறை சாஸ்திரி ஆட்சியின் பெரும் சிக்கலாக இருந்தது. 1964 அக்டோபர் இறுதியில் குசராத்தின் ஆனந்துக்குச் சென்ற அவர், அருகிலிருந்த அசர்புரா என்னும் சிற்றூரில் ஓர் உழவர் வீட்டில் இரவு தங்கினார். பால் கூட்டுறவு எப்படி நடக்கிறது என்பதை ஊர் மக்களிடமே கேட்டறிந்தார். அதன் விளைவாக, வர்கீசு குரியன் தலைமையில் தேசியப் பால்வள வாரியம் 1965இல் அமைந்தது. ஒரே இரவில் எடுத்த முடிவு போலத் தோன்றினாலும், அந்த இரவை அவர் எங்கே கழித்தார் என்பதே முக்கியம்.

வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியம் முன்வைத்த புதிய கோதுமை விதைத் திட்டத்துக்கும் சாஸ்திரி ஆதரவளித்தார். 1965 சனவரியில் தொடங்கப்பட்ட இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. அவ்வாண்டு வாரத்தில் ஒரு வேளை உணவைத் தவிர்க்குமாறு மக்களை அவர் கேட்டுக்கொண்டார். அவ்வேண்டுகோளை விடுக்கும் முன் தம் குடும்பத்தார் ஒருவேளை பட்டினியைத் தாங்குகிறார்களா என்று வீட்டில் சோதித்துப் பார்த்தார் எனக் கூறப்படுகிறது.

1965 போரும் தாசுகந்தும்

1965 செப்டம்பர் 1 அன்று பாக்கித்தான் படைகள் சம்மு பகுதியின் சம்பு வட்டாரத்தில் தாக்குதல் தொடுத்தன. அன்றே இந்திய வான்படை களமிறக்கப்பட்டது. செப்டம்பர் 6 அன்று இந்தியத் தரைப்படை பன்னாட்டு எல்லையைத் தாண்டி இலாகூர் நோக்கி நகர்ந்தது. உருவத்தில் சிறியவரும் மென்மையாகப் பேசுபவருமான சாஸ்திரி இவ்வளவு விரைவாக முடிவெடுப்பார் என்று பலர் எதிர்பார்க்கவில்லை.

எனினும் இது கணநேரத்தில் எழுந்த எண்ணம் அன்று. அவ்வாண்டு ஏப்ரலில் கட்சு எல்லை மோதலின்போதே, தேவை ஏற்பட்டால் போரிடும் இடத்தை இந்தியாவே தெரிவு செய்யும் என்னும் கருத்தை அவர் நாடாளுமன்றத்தில் தெரிவித்திருந்தார். படைத்தலைவர்கள் அதற்கான திட்டங்களை வைத்திருந்தனர். பதவியேற்றபின் எல். கே. ஜாவைச் செயலாளராகக் கொண்டு பிரதமருக்கெனத் தனிச் செயலகம் ஒன்றையும் அவர் அமைத்திருந்தார். ஆய்வு முன்பே முடிந்திருந்ததால், தருணம் வந்தபோது உள்ளுணர்வு விரைந்து செயல்பட முடிந்தது.

செப்டம்பர் 23இல் போர் ஓய்ந்தது. 1966 சனவரி 10 அன்று, அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த தாசுகந்தில், பாக்கித்தான் குடியரசுத் தலைவர் அயூப் கானுடன் சாஸ்திரி உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி இரு படைகளும் 1965 ஆகத்து 5க்கு முந்தைய நிலைகளுக்குத் திரும்ப வேண்டும். இந்திய வீரர்கள் உயிர்கொடுத்துக் கைப்பற்றிய ஆசிப்பீர் கணவாயையும் இதனால் திருப்பித்தர வேண்டியிருந்தது. இம்முடிவு இந்தியாவில் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. உடன்படிக்கை கையெழுத்தான சில மணி நேரத்திலேயே, சனவரி 11 அதிகாலையில், மாரடைப்பால் தாசுகந்திலேயே அவர் காலமானார். அவருக்கு முன்பே இதயநோய் இருந்தது. அவ்வாண்டு இந்தியாவின் உயரிய விருதான பாரத ரத்னா அவருக்கு மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது. தில்லியில் உள்ள அவர் நினைவிடம் விசய் காட் எனப்படுகிறது.

மதிப்பீடு

முடிவெடுத்தல் பற்றி ஆராய்ந்த உளவியலாளர்களான டேனியல் கானமன், கேரி கிளைன் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில், உள்ளுணர்வு நம்பத்தக்கதாக அமைவதற்கு இரண்டு நிலைமைகளைக் குறிப்பிட்டனர். ஒன்று, சூழல் ஓர் ஒழுங்குடையதாக இருக்க வேண்டும். மற்றொன்று, அச்சூழலில் ஒருவர் நீண்டகாலம் பழகித் தம் முடிவுகளின் விளைவுகளைக் கண்டு கற்றிருக்க வேண்டும். உள்ளுணர்வு எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பது அதன் சரித்தன்மைக்குச் சான்று ஆகாது என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

சாஸ்திரியின் வாழ்வை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வறுமை, சிறை, எளிய மக்களின் பயணம், பொறுப்பை ஏற்றல் ஆகியவற்றில் அவர் வாழ்நாள் முழுவதும் பழகியிருந்தார். அத்துறைகளில் அவர் உள்ளுணர்வு பெரும்பாலும் தவறவில்லை. சிறீநகரிலும் ஆனந்திலும் நேரில் சென்று கேட்டதால், அறியாத இடத்திலும் அது சரியாக இயங்கியது. மொழிச் சிக்கலில் பட்டறிவும் இல்லை. உரிய நேரத்தில் நேரில் கேட்டறிதலும் இல்லை. அங்கே அது தவறியது.

அரியலூர் வட்டாரத்திலிருந்து இரண்டு செய்திகள் தில்லிக்குச் சென்றன. 1956இல் மருதையாற்றிலிருந்து சென்ற செய்தியைச் சாஸ்திரியின் மனம் உடனே உணர்ந்தது. 1964இல் கீழப்பழுவூர்க்காரர் ஒருவரின் இறப்பு கொண்டுசென்ற செய்தியை உணர ஓராண்டுக்கு மேலாயிற்று. இரண்டு வேளைகளிலும் அவர் நேர்மையானவராகவே இருந்தார். தாம் வாழ்ந்தறிந்த துன்பத்தை உள்ளுணர்வால் அறியலாம். தாம் வாழ்ந்தறியாத துன்பத்தைக் கேட்டுத்தான் அறிய வேண்டும் என்பதையே இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.